கதவுக்கு வெளியே பத்து நாள்கள்

நுழையும்முன்

தவறு செய்த மாணவரைச் சில நாள்கள் பள்ளிக்கு வரக்கூடாது என்று விலக்கிவைப்பது உலகின் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அவ்விலக்கு அவருக்கு எதைக் கற்றுத்தருகிறது? பாதிக்கப்பட்டவருக்கு அதனால் கிடைப்பது என்ன? நேர்ந்த கேட்டைச் சரிசெய்யும் பொறுப்பைத் தவறு செய்தவரிடமே ஒப்படைக்கும் வழிகள் உண்டா? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்தது கொலம்பஸ் நகரம். 1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரப் பள்ளிகளில் மாணவரிடையே கொந்தளிப்பு நிலவியது. சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளியின் உணவுக்கூடத்தில் ஒருநாள் கலவரம் மூண்டது. பள்ளியின் உடைமைகள் சில சேதமடைந்தன. அன்று ஒரே நாளில் எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். டுவைட் லோபஸ் என்னும் மாணவரும் அவர்களுள் ஒருவர். கலவரத்தில் தமக்குப் பங்கில்லை, தாம் அங்கு நின்றிருந்தவர் மட்டுமே என்றார் அவர். ஆனால், அதனைக் கேட்டறியப் பள்ளி முற்படவில்லை. விசாரணை ஏதுமின்றிப் பத்து நாள்கள்வரை ஒரு மாணவரை விலக்கிவைக்க அம்மாநிலச் சட்டம் தலைமையாசிரியருக்கு அதிகாரம் அளித்திருந்தது.

லோபஸ் உள்ளிட்ட ஒன்பது மாணவர்களின் வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1975 சனவரி 22 அன்று தீர்ப்பு வெளிவந்தது. மாணவர்மீது சுமத்தப்படும் குற்றம் இன்னதென்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் மறுத்தால் சான்றை விளக்க வேண்டும். அவர் தரப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் இதனை ஏற்றனர், நால்வர் ஏற்கவில்லை. ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று ஒரு மாணவரைக் கேட்பதற்கான உரிமை ஒரே ஒரு வாக்கில் நிலைபெற்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தீர்ப்பு பெரிது, எனினும் அதன் எல்லை சிறிது. கதவைச் சாத்துவதற்கு முன்பு பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று அது சொன்னது. சாத்தியபின் அக்கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் என்ன நிகழ்கிறது என்பது வழக்கின் பொருளாக இருக்கவில்லை.

விலக்கு கற்றுத்தருவது

பத்து நாள் விலக்கப்பட்ட மாணவர் எங்குச் செல்கிறார்? பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடாயின், அவ்வீட்டில் அவர் தனியே இருப்பார். அல்லது வீட்டில் இருக்கமாட்டார். அவர் உடைத்த பொருள் உடைந்தபடியே கிடக்கும். அவரால் இழிவுபடுத்தப்பட்டவர், ‘அவன் திரும்பி வந்து என்ன செய்வானோ’ என்னும் அச்சத்துடன் நாள்களை எண்ணிக்கொண்டிருப்பார். கணக்கிலும் இயற்பியலிலும் பத்து நாள் பாடங்கள் நகர்ந்திருக்கும். பதினோராம் நாள் அவர் வகுப்புக்குத் திரும்பும்போது, முன்பு புரியாதிருந்தது இன்னும் புரியாததாகியிருக்கும். முன்பு இருந்த சினமோ கூடியிருக்கும்.

டெக்சாஸ் மாநிலத்தில் ஏழாம் வகுப்பிலிருந்து ஏறத்தாழப் பத்து இலட்சம் மாணவர்களின் பதிவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிடப்பட்டது. அவர்களுள் பத்தில் ஆறுபேர் மேனிலைப் பள்ளியை முடிப்பதற்குள் ஒருமுறையேனும் வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்கப்பட்டிருந்தனர். இதைவிட வியப்பளிப்பது மற்றொரு செய்தி. சட்டம் கட்டாயமாக்கியிருந்த குற்றங்களுக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் நூற்றுக்கு மூன்று மட்டுமே. எஞ்சியவை பள்ளி அலுவலர்கள் தம் விருப்புரிமையால் எடுத்த முடிவுகள். கறுப்பின மாணவர்கள் இம்முடிவுகளுக்கு மிகுதியாக ஆளாயினர். அவ்வாறு விலக்கப்பட்டவர்கள் அடுத்த ஆண்டில் சிறார் நீதி அமைப்பின் பிடியில் சிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. விலக்கியதுதான் அதற்குக் காரணம் என்று இதனால் மெய்ப்பிக்க இயலாது. ஏற்கெனவே இடர்ப்பாட்டில் இருந்தவர்களே விலக்கப்பட்டிருக்கலாம். ஆனால், விலக்கு அவர்களைக் காக்கவில்லை என்பது தெளிவு.

இன்னொன்றும் உண்டு. உரக்க வாசிக்கத் திணறும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பாடநூலை ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும் வகுப்பு அது. மூன்று இருக்கைகளுக்கு முன்னால் வாசிப்பு வரும்போதே அவருடைய உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும். தம் முறை வருமுன் பக்கத்திலிருப்பவரின் எழுதுகோலைப் பறிப்பார். அல்லது ஏதேனும் கேலி பேசுவார். ‘வெளியே போ’ என்னும் ஆணை பிறக்கும். ஆசிரியர் அளித்தது தண்டனை. மாணவருக்குக் கிடைத்தது விடுதலை. நாற்பது பேர்முன் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அவமானத்திலிருந்து தப்ப ஒரு வழி உண்டு என்பதை அன்று அவர் கற்றுக்கொள்கிறார். மறுவாரம் அதே பாடவேளையில் அதே குறும்பு நிகழ்வதில் வியப்பில்லை. அவருக்குத் தேவைப்பட்டது வாசிப்புப் பயிற்சி. அதனைக் கண்டறியாத வரையில் எத்தனை நாள் விலக்கினாலும் அது குறும்புக்கு அளிக்கும் பரிசாகவே முடியும்.

எல்மைராவும் வார்சாவும்

தவற்றைச் ‘சட்டமீறல்’ என்று பார்ப்பது ஒரு முறை. எந்த விதி மீறப்பட்டது, மீறியவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்பன அம்முறை எழுப்பும் வினாக்கள். தவற்றை ‘ஒருவருக்கு நேர்ந்த கேடு’ என்று பார்ப்பது மற்றொரு முறை. யார் பாதிக்கப்பட்டார், அவருக்கு என்ன தேவை, அத்தேவையை நிறைவுசெய்ய வேண்டியவர் யார் என்று அது கேட்கும். இவ்விரண்டாம் முறையே சீரமைப்பு நீதி எனப்படுகிறது.

கனடாவின் எல்மைரா என்னும் சிற்றூரில் 1974ஆம் ஆண்டு இளைஞர் இருவர் ஓர் இரவில் 22 இடங்களில் வீடுகளையும் ஊர்திகளையும் பிற உடைமைகளையும் சேதப்படுத்தினர். நன்னடத்தை அலுவலர் ஒருவர், இவர்கள் பாதிக்கப்பட்டோரை நேரில் சந்தித்தால் என்ன என்று கேட்டார். நீதிபதி இசைந்தார். இருவரும் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டினர். ‘இதைச் செய்தவர்கள் நாங்கள்’ என்று கூறினர். இழப்பைக் கேட்டறிந்து, சில மாதங்களில் ஈடுசெய்தனர். சிறைக்குச் செல்வதைவிட அக்கதவுகளைத் தட்டுவது எளிதாக இருந்திருக்கும் என்று எவரேனும் எண்ணினால், தாம் தீங்கிழைத்த ஒருவரின் வீட்டு வாசலில் நிற்பதாகத் தம்மைக் கற்பனை செய்து பார்க்கட்டும். 1989ஆம் ஆண்டு நியூசிலாந்து நாடு, மாவோரி மக்களின் கூடிப்பேசும் மரபைத் தழுவி, தவறிழைத்த சிறாரின் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் ஒன்றாக அமர்ந்து தீர்வு காணும் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாகவே இயற்றியது. அங்கிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இம்முறை பள்ளிகளுக்குப் பரவியது.

எனினும் பள்ளிச் சிறாரிடமே நீதியை ஒப்படைத்த முயற்சி இவற்றுக்கெல்லாம் முற்பட்டது. போலந்தின் தலைநகர் வார்சாவில் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அனாதைக் குழந்தைகள் இல்லத்தை நடத்தியவர் மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக். அவ்வில்லத்தில் குழந்தைகளே நடத்திய நீதிமன்றம் ஒன்று இருந்தது. அந்த வாரத்தில் தம்மீது வழக்கு இல்லாத குழந்தைகளிலிருந்து ஐவர் குலுக்கல்முறையில் நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெரியவர் ஒருவர் செயலராக இருந்து வாக்குமூலங்களைப் பதிவுசெய்தார். அவருக்கு வாக்குரிமை கிடையாது.

அந்நீதிமன்றத்தின் சட்டத்தொகுப்பு படித்து இன்புறத்தக்கது. முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பவை. அல்லது வழக்கே தேவையில்லை என்று சொல்பவை. நூறாம் பிரிவிலிருந்துதான் கண்டனம் தொடங்குகிறது. அதன்பின் நூறு நூறாக ஏறும் பிரிவுகளில் சற்றே கடுமை கூடும். செய்தது தவறு என்று அறிவித்தல், இல்லத்தின் செய்தித்தாளில் வெளியிடுதல், குடும்பத்தினருக்குத் தெரிவித்தல் என அது வளரும். தொள்ளாயிரமாவது பிரிவில் நீதிமன்றம் நம்பிக்கை இழந்துவிட்டதாகக் கூறும். ஆயினும் குழந்தைக்காகப் பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தால் அது இல்லத்திலேயே இருக்கலாம். ஆயிரமாவது பிரிவுதான் வெளியேற்றம். வெளியேற்றப்பட்டவரும் மூன்று மாதங்களுக்குப்பின் மீண்டும் சேர விண்ணப்பிக்கலாம்! ஒரு குழந்தையைக் கைவிடும் முன் எத்தனைப் படிகள் ஏறவேண்டும் என்பதை எண்ணிட்டுக் காட்டிய சட்டம் அது.

கோர்ச்சாக் தம்மையும் அந்நீதிமன்றத்துக்கு உட்படுத்திக்கொண்டார். ஒருமுறை அரையாண்டுக்குள் ஐந்துமுறை அவர்மீதான வழக்குகள் விசாரிக்கப்பட்டன. சிறுவன் ஒருவனின் காதில் அறைந்தது அவற்றுள் ஒன்று. திருடியதாகச் சிறுமி ஒருத்தியை ஐயுற்றது இன்னொன்று. ஆசிரியர் எழுந்து நின்று விடைசொன்ன அந்த ஐந்து வழக்குகளும், ஒழுக்கம்பற்றிய ஐம்பது சொற்பொழிவுகளைவிட மிகுதியாகக் கற்றுக்கொடுத்திருக்கும். 1942 ஆகஸ்டில் நாஜிப் படையினர் அவ்வில்லத்துக் குழந்தைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றபோது, தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவர்களைப் பிரியாமல் உடன்சென்று உயிர்நீத்தார் கோர்ச்சாக்.

வட்டமாக அமர்தல்

இம்முறை ஒரு மேனிலை வகுப்பில் எவ்வாறு நடைபெறும்? பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர், கரும்பலகை முன் கணக்குப் போடத் தெரியாமல் விழித்த வகுப்புத் தோழரைக் கைப்பேசியில் படம்பிடித்து, கேலியான சொற்களுடன் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டார் எனக் கொள்வோம். மறுநாள் காலைக்குள் பக்கத்துப் பள்ளிவரை அது சென்றுவிட்டது. பாதிக்கப்பட்டவர் இரண்டு நாள்களாகப் பள்ளிக்கு வரவில்லை.

வழக்கமான நடைமுறையில், பகிர்ந்தவரின் பெற்றோர் அழைக்கப்படுவர், மன்னிப்புக் கடிதம் வாங்கப்படும், ஒருவார விலக்கு. கடிதத்தின் வாசகத்தைப் பெரும்பாலும் அலுவலகமே சொல்லும். மாணவர் எழுதிக் கையொப்பமிடுவார். பாதிக்கப்பட்டவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

சீரமைப்பு முறையில் முதல் வேலை அவரிடம் தொடங்குகிறது. பயிற்சிபெற்ற ஆசிரியர் ஒருவர் அவரைத் தனியே சந்திப்பார். பகிர்ந்தவருடன் பேச விருப்பமா, யார் உடனிருக்க வேண்டும், என்ன நடந்தால் மீண்டும் பள்ளிக்கு வர இயலும் என்று கேட்பார். அவர் மறுத்தால் கூட்டம் இல்லை. வேறு வழி தேடப்படும். பகிர்ந்தவரையும் தனியே சந்தித்து, தாம் செய்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று அறிவார். இருவரும் இசைந்தபின்பே கூட்டம். மேசை இல்லாமல் நாற்காலிகள் வட்டமாக இடப்படும். என்ன நடந்தது, அப்போது என்ன எண்ணினாய், இப்போது என்ன எண்ணுகிறாய், இதனால் யார் யார் பாதிக்கப்பட்டனர், சரிசெய்ய என்ன வேண்டும் என்னும் எளிய வினாக்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும். ‘ஏன் செய்தாய்?’ என்னும் வினா தவிர்க்கப்படும். அதற்கு வரும் விடை பெரும்பாலும் சாக்குப்போக்காகவோ மௌனமாகவோ இருக்கும்.

இதனை ஊர்ப் பஞ்சாயத்துடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர் ஒருவர் இருப்பார். ஊரில் செல்வாக்குடையவர் பக்கம் அது சாய்வதும் உண்டு. இவ்வட்டத்தில் தீர்ப்புச் சொல்பவர் இல்லை. கூட்டத்தை நடத்துபவர் வினாக்களுக்கு உரியவரேயன்றி விடைகளுக்கு உரியவர் அல்லர். முடிவில் எழுதப்படும் உடன்பாடு கையால் தொட்டுப் பார்க்கத்தக்க செயல்களாக இருத்தல் வேண்டும்: படத்தை யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் நீக்கச் சொல்வது, அதே குழுவில் தம் தவற்றை எழுதுவது, கைப்பேசியைக் குறிப்பிட்ட காலம் வீட்டில் ஒப்படைப்பது. இரண்டு வாரங்கள் கழித்து அனைவரும் மீண்டும் கூடி, சொன்னவை நடந்தனவா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் கூட்டத்தை விட்டுவிடும் பள்ளிகளில் உடன்பாடு வெறும் தாளாகிவிடுகிறது.

கற்பிக்க வேண்டியவை

எல்லாத் தவற்றுக்கும் வட்டம் தேவையில்லை. சினம் பொங்கும்போது சொல்லை அடக்கத் தெரியாமை, உதவி கேட்கக் கூச்சம், நேரத்தைத் திட்டமிட அறியாமை ஆகியவை திறன் குறைபாடுகள். அதிகாலையில் பால் ஊற்றிவிட்டோ செய்தித்தாள் போட்டுவிட்டோ வரும் மாணவர் நாள்தோறும் பிந்துகிறார் எனில், வாயிலில் நிறுத்திவைப்பதால் அவருடைய முதல் பாடவேளையும் பறிபோகும். தவறவிட்ட பாடத்தை மாலையில் கற்பிப்பதும், வீட்டாருடன் பேசி வேலைநேரத்தை மாற்ற முயல்வதும் பயன்தரும்.

கற்றல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவின் ஐந்து நடுநிலைப்பள்ளிகளில் 31 கணித ஆசிரியர்களைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. மாணவர் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார் என அவர் நிலையிலிருந்து எண்ணிப் பார்ப்பதுபற்றிய குறும்பயிற்சி ஆசிரியருள் ஒரு பகுதியினருக்கு இணையவழி அளிக்கப்பட்டது. அவர்தம் மாணவர்களுள் அவ்வாண்டு இடைநீக்கம் செய்யப்பட்டோர் நூற்றுக்கு 4.8 பேர், பயிற்சி பெறாதவர்களின் மாணவர்களுள் 9.6 பேர். மாணவர்களுக்கு எப்பயிற்சியும் அளிக்கப்படவில்லை என்பதைக் கருத வேண்டும்.

மறுப்புகள்

இம்முறையை எதிர்ப்போரின் கருத்தைப் புறந்தள்ள இயலாது. ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒருவர் விளைக்கும் இடையூற்றால் நாற்பத்தொன்பது பேரின் பாடம் தடைப்படுகிறது. அவர்களின் உரிமைக்கு யார் பொறுப்பு? ஒரு கூட்டத்துக்கு முன்னும் பின்னும் பல மணிநேரம் தேவை. அந்நேரம் ஆசிரியருக்கு எங்கிருந்து கிடைக்கும்? பிட்ஸ்பர்க் நகரின் 44 பள்ளிகளில் 2015 முதல் 2017 வரை இரண்டு கல்வியாண்டுகள் நடந்த ஆய்வு இவ்வையத்துக்கு வலுச்சேர்க்கிறது. சீரமைப்பு முறையைப் பின்பற்றிய பள்ளிகளில் இடைநீக்க நாள்கள் குறைந்தன. பள்ளிச்சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கூறினர். ஆனால், நடுநிலை வகுப்புகளில் இடைநீக்கம் குறையவில்லை. கற்றல் அடைவோ சரிந்தது. ஏற்கெனவே நிறைந்த பணிச்சுமையின்மேல் இன்னொரு திட்டத்தை ஏற்றிவைத்தால் அது நற்பயன் தராது. ஆலோசகர் இல்லாமல், நேரம் ஒதுக்காமல், ‘இனி விலக்கக் கூடாது’ என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பும் நிருவாகம் ஆசிரியரையும் மாணவரையும் ஒருசேரக் கைவிடுகிறது.

வட்டமாக அமர்த்தக்கூடாத நிகழ்வுகளும் உள்ளன. பாலியல் குற்றத்தைப் பள்ளிக்குள் பேசித் தீர்ப்பதற்கு இடமே இல்லை. அதனைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். ஆயுதத்துடன் வருபவரை உடனே அப்புறப்படுத்தியாக வேண்டும். சாதியின் பெயரால் இழிவுக்கு ஆளானவரை, இழிவுபடுத்திய குழுவின் எதிரே அமர்த்தி ‘சமாதானம்’ ஆகச் சொல்வது இரண்டாம் முறை அவரை இழிவுபடுத்துவதாகும்.

சட்டமும் வெற்றிடமும்

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கல்வி விதிகள் திருத்தப்பட்டு, பள்ளிகளில் உடல்தண்டனை நீக்கப்பட்டது. நாடு முழுமைக்குமான 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையுடன் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்தது. தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எக்குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. பிரம்பு மறைந்தது நன்று. ஆனால், பிரம்பு இருந்த இடத்தில் ஆசிரியரின் கையில் வேறொரு கருவி வைக்கப்படவில்லை. அவ்வெற்றிடத்தை ‘டி.சி. கொடுத்துவிடுவேன்’ என்னும் ஒற்றை வாக்கியம் நிரப்பிக்கொண்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு எட்டாம் வகுப்புடன் நின்றுவிடுவதால், பதினொன்றாம் வகுப்பு மாணவர்மீது அவ்வாக்கியம் முழு வலிமையுடன் விழுகிறது. ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழுடன் வெளியேறும் பதினாறு வயதினரை ஏற்றுக்கொள்ள வேறு பள்ளிகள் தயங்கும். அதன்பின் அவருக்குத் திறந்திருப்பவை பட்டறையும் கட்டட வேலையுமே.

விலக்கு தவிர்க்க முடியாததாகும் வேளையிலும் பள்ளி செய்யக்கூடியவை உள்ளன. விலக்கப்பட்ட நாள்களுக்குரிய பாடங்களை அவருக்கு அனுப்பலாம். ஒருநாளேனும் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். திரும்பி வரும் நாளில் அவரை நேரே வகுப்புக்கு அனுப்பாமல், முதல் பாடவேளையில் பெற்றோர், வகுப்பாசிரியர், விருப்பமிருப்பின் பாதிக்கப்பட்டவர் ஆகியோருடன் அமர்த்தி, இனிச் செய்ய வேண்டியவற்றைப் பேசி எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் பாடவேளைக்கான மணி ஒலிக்கும்போது வகுப்பாசிரியர் அவருடன் நடந்துசென்று, அவருடைய பழைய இருக்கையிலேயே அவரை அமரச்செய்யலாம்.